கிளட்ச் மாற்றுவதற்கு முன்னால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேச ஆரம்பித்தால் உனக்கு ஆபீஸ் கால் வந்துவிடுகிறது, எனக்கு அடுத்த டிரைவிங் கிளாசுக்கு ஆள் வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதி அனுப்புகிறேன். நிதானமாகப் படி.

"பிக்கப் இல்லை, கிளட்ச் போயிடுச்சு, செட்டோட மாத்தணும்" என்று உன் காரைப் பார்த்த மெக்கானிக் சொன்னாராம். ஓட்டிப் பார்த்தாரா என்று கேட்டால், பானெட்டைத் திறந்து பார்த்தார் என்கிறாய். பானெட்டைத் திறந்தால் கிளட்ச் தெரியாதும்மா. அது என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில், கூட்டுக்குள் இருக்கிறது. கியர்பாக்ஸை இறக்கினால்தான் கண்ணில் படும். அவர் நல்ல மனிதராகவே இருக்கட்டும். ஆனால் ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் பிக்கப் இருக்காது, பிரேக் ஒட்டிக்கொண்டு சக்கரத்தைச் சுற்ற விடாமல் பிடித்தாலும் இருக்காது. பணம் கொடுப்பதற்கு முன்னால் நீயே ஒருமுறை சோதித்துவிடு.

உன் அபார்ட்மெண்டில் சமதளமான இடமாகப் பார்த்து, முன்னாலும் பின்னாலும் ஆள் இல்லாதபோது செய். ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிடு, வலது காலை பிரேக் மேலேயே வை. என்ஜினை ஸ்டார்ட் செய்து, கிளட்சை மிதித்து மூன்றாவது கியர் போடு. ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மெதுவாக விடு. வண்டி ஒரு குலுக்கு குலுக்கி உடனே ஆஃப் ஆனால் கிளட்ச் பிளேட் பிடிக்கிறது என்று அர்த்தம். கிளட்சை முழுக்க விட்ட பிறகும் என்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தால் ஸ்லிப் ஆகிறது, அதாவது பிடிக்காமல் வழுக்குகிறது. ஒரு தடவை போதும். திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சம் இருப்பதும் தேய்ந்துவிடும்.

நின்ற இடத்தில் பிடித்தாலும் ஓட்டத்தில் வழுக்கும் கிளட்சும் உண்டு. அதனால் ஊருக்கு வரும்போது கிருஷ்ணகிரி தாண்டி ரோடு காலியாக இருக்கும் இடத்தில் இதையும் பார். நாலாவது கியரில் ஐம்பதில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை நன்றாக அழுத்து. என்ஜின் சத்தம் மட்டும் 'ஙொய்' என்று ஏறி, வேகம் ஏறாமல் நின்றால் மெக்கானிக் சொன்னது சரிதான். சத்தமும் வேகமும் சேர்ந்தே ஏறினால், முதலில் ஏர் ஃபில்டரைப் பார்க்கச் சொல்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் இதெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. என்ஜினோடு சேர்ந்து எப்போதும் சுற்றும் கனமான சக்கரம் பிளைவீல். கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டில் மாட்டியிருப்பது கிளட்ச் பிளேட். அந்தப் பிளேட்டைப் பிளைவீலோடு அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட். நீ பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் போய் ஸ்பிரிங்கைத் தள்ளும், பிடி விடும், பிளேட் சும்மா நிற்கும். காலை எடுத்தால் மறுபடி பிடிக்கும். முழுசாகப் பிடித்திருக்கும்போதும் தேய்மானம் இல்லை, முழுசாக விட்டிருக்கும்போதும் இல்லை. நடுவில் வழுக்கிக்கொண்டே பிடிக்கிற அந்த நேரத்தில்தான் தேய்கிறது. கிணற்றுக் கயிற்றை இறுக்கிப் பிடித்தால் கைக்கு ஒன்றும் ஆகாது, வழுக்க விட்டால்தான் உள்ளங்கை எரியும், அதே கதைதான். அந்த எரிச்சலின் வாசனை உனக்குத் தெரியும். நம் டிரைனிங் காரில் புதுசாக வருபவர்கள் ஓட்டும்போது அடிக்குமே, கருகின வாடை, அதுதான்.

அதனால் கிளட்ச் எத்தனை கிலோமீட்டர் வரும் என்று யாராவது ஒரே கணக்குச் சொன்னால் நம்பாதே. ஒருத்தருக்கு 1 லட்சம் தாண்டி ஓடும், இன்னொருத்தருக்கு 30,000-த்திலேயே போய்விடும். நீ பெங்களூரிலிருந்து வேலூர் வரும் 200 கிலோமீட்டர் சொச்சத்தில் கிளட்சுக்குப் பெரிய வேலை இல்லை. டாப் கியர் போட்டால் டோல்கேட் வரும்வரை அது பாட்டுக்குக் கிடக்கும். சில்க் போர்டு சிக்னலைத் தாண்டுவதற்குள் நீ மிதிக்கிற மிதிதான் அதைத் தின்கிறது.

இங்கே நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் கடைசிப் பாடத்தைக் காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில்தான் வைப்பேன். ஏற்றத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கும். பஸ் ஒரு அடி நகரும், நிற்கும். பத்தில் எட்டுப் பேர் பிரேக்கைத் தொடாமல், கிளட்ச் பெடலைப் பாதி மட்டும் விட்டு, அந்த ஹாஃப் கிளட்சிலேயே வண்டியை ஏற்றத்தில் தாங்கிப் பிடிப்பார்கள். அதைத் திறமை என்று வேறு நினைத்துக்கொள்வார்கள்! எனக்கு அதைப் பார்த்தாலே கோபம் வரும். ஹேண்ட் பிரேக்கை இழு, நியூட்ரல் போடு, இடது காலைத் தரையில் வை. முன்வண்டி நகர்ந்ததும் கியர் போட்டு, கிளட்ச் பிடிக்கும் இடத்தில் என்ஜின் சத்தம் லேசாக அமுங்கும், அப்போது ஆக்ஸிலரேட்டர் கொடுத்து ஹேண்ட் பிரேக்கை விடு. வண்டி ஒரு இஞ்சுகூடப் பின்னால் போகாது. உனக்கும் அங்கேதான் சொல்லிக்கொடுத்தேன். இப்போது செய்கிறாயா என்பது உனக்குத்தான் தெரியும்.

இன்னொன்று, ஓட்டும்போது இடது காலைப் பெடல் மேல் ஓய்வாக வைக்கும் பழக்கம். போன தடவை உன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தபோது பள்ளிகொண்டா டோல்கேட்டிலிருந்து சத்துவாச்சாரி வரை உன் செருப்பு அந்தப் பெடல் மேலேயேதான் இருந்தது. அப்பா இருந்தார், அதனால் ஒன்றும் சொல்லவில்லை. காலின் கனமே போதும், ரிலீஸ் பேரிங் போய் ஒட்டிக்கொண்டு சுற்றும், பிளேட்டின் பிடியும் கொஞ்சம் தளரும்.

ஏலகிரிக்கு உன் தோழிகளைக் கூட்டிப் போகப் போவதாகச் சொன்னாய். பொன்னேரியில் மலை ஏற ஆரம்பித்தால் 14 கொண்டை ஊசி வளைவு. புலவர்கள், வள்ளல்கள் பெயர் எழுதியிருக்கும், போட்டோ எடுப்பதை மேலே போய் வைத்துக்கொள். ஏறும்போது வளைவுக்கு முன்னாலேயே இரண்டாவது கியருக்கு வந்துவிடு, முக்கினால் தயங்காமல் ஒன்றுக்குப் போ. கிளட்சை வழுக்கவிட்டு ஏற்றாதே. இறங்கும்போதும் அதே கியர்தான். பெட்ரோல் மிச்சம் என்று கிளட்சை மிதித்துக்கொண்டோ நியூட்ரலிலோ உருட்டாதே. என்ஜின் பிடி போய்விடும், பாரம் முழுக்க பிரேக் மேல் விழும், பிரேக் சூடேறினால் மிதித்தாலும் நிற்காது.

உன் வண்டி கேபிள் கிளட்ச், பெடலை மிதித்தால் ஒரு கம்பிதான் கிளட்சை இழுக்கும். பெடலைக் கையால் அமுக்கிப் பார், முதலில் கொஞ்ச தூரம் லூசாகப் போய், அப்புறம் கனமாகும். அந்த லூசுதான் ஃப்ரீ பிளே. எவ்வளவு இருக்க வேண்டும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும். பிளேட் தேயத் தேய அது குறைந்துகொண்டே வரும், பெடல் நன்றாக மேலே வந்த பிறகுதான் கிளட்ச் பிடிக்க ஆரம்பிக்கும். லூசே இல்லாமல் போனால் பிளேட் நன்றாக இருந்தாலும் ஸ்லிப் ஆகும். கேபிளில் இருக்கும் நட்டைத் திருகினால் சரியாகிற கோளாறுக்கு சில சமயம் செட்டே மாற்றிவிடுகிறார்கள். மெக்கானிக்கிடம் "ஃப்ரீ பிளே பார்த்தீங்களா அண்ணா" என்று ஒரு வார்த்தை கேள். கேட்கிற ஆள் என்று தெரிந்தாலே பேச்சு மாறும்.

ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று கத்துகிறது என்று முன்பு ஒரு தடவை சொன்னாயே, அது ஸ்லிப் இல்லை. நேர் எதிர், பெடலை மிதித்தும் பிடி முழுசாக விடவில்லை. கேபிள் நீண்டு ஃப்ரீ பிளே அதிகமானால் அப்படி ஆகும். ஆனால் முதலில் குனிந்து, காலடியில் விரித்திருக்கும் ஃப்ளோர் மேட்டைப் பார். சுருண்டு பெடலுக்கு அடியில் போயிருந்தால் பெடல் எப்படி முழுசாக இறங்கும்? சீட்டையும் ஒரு பல் முன்னால் தள்ளு. கிளட்சை அடிவரை மிதித்த பிறகும் முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும். என்னிடம் கியர் விழவில்லை என்று அழாத குறையாக வந்த பெண்கள் நிறைய பேருக்கு சீட்டை நகர்த்தியே சரிசெய்திருக்கிறேன்.

இத்தனையும் பார்த்துவிட்டு ஸ்லிப்தான் என்று தெரிந்தால் தள்ளிப்போடாதே. வழுக்குகிற பிளேட்டோடு ஓட்டினால் பிளைவீலும் சூட்டில் கெடும், செலவு இரட்டிப்பாகும். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்று. கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுகிற கூலிதான் பெரிசு, பேரிங்கில் மிச்சம் பிடித்துவிட்டு அதற்காக மறுபடி இறக்க முடியாது. இறக்கியிருக்கும்போது நேரில் போய் நில். பிளைவீல் முகத்தில் நீலம் பாய்ந்த திட்டோ விரிசலோ இருக்கிறதா பார். உள்ளே ஆயில் கசிந்திருந்தால் ஆயில் சீலையும் மாற்றச் சொல், இல்லாவிட்டால் புதுப் பிளேட்டும் எண்ணெய் குடித்து உதற ஆரம்பிக்கும்.

பழைய பிளேட்டைக் கையில் வாங்கிப் பார். அதன் முகத்தில் உரசித் தேய்கிற பட்டைதான் லைனிங், அதை ரிவெட் அடித்துப் பிடித்திருப்பார்கள். ரிவெட் தலைகள் லைனிங்குக்குள் ஆழமாகப் பதிந்திருந்தால் பிளேட்டில் இன்னும் உயிர் இருக்கிறது. லைனிங் தேய்ந்து ரிவெட் தலையோடு சமமாகிவிட்டிருந்தால் மாற்றியது நியாயம்.

அந்தப் பிளேட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிடாதே. பேப்பரில் சுற்றி, ஆடிக் கிருத்திகைக்கு வரும்போது டிக்கியில் போட்டுக் கொண்டு வா. கிளாசில் காட்ட எனக்கு ஒன்று வேண்டும்.

அன்புடன்,
அம்மா