2025ஆம் ஆண்டறிக்கை: பழைய பேட்டரியும் நம் கடைகளின் கடமையும்

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பிரான்சின் ரீயூனியன் தீவில், சேன் தெனி நகரத் தமிழ் வணிகர்களாகிய நாம் சங்கங்களுக்கான 1901ஆம் ஆண்டு பிரெஞ்சுச் சட்டப்படி பதிந்து நடத்தும் நம் சங்கத்தின் ஓராண்டுப் பணிகளைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். பொங்கல் விழாவும் பிள்ளைகளின் தமிழ் வகுப்பும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். எனக்குக் கிடைத்த நேரத்தை ஒரே ஒரு விஷயத்துக்குச் செலவிட விரும்புகிறேன்.

பிப்ரவரி 28ஆம் தேதி கரான்ஸ் புயல் அடித்ததும் தீவில் பல இடங்களில் கரண்ட் போனது. டார்ச், பென்சில் பேட்டரி, பவர் பேங்க் எல்லாம் நம் கடைகளிலிருந்து பறந்தன. விற்றோம், நல்லதுதான். அடுத்த வாரங்களில் அந்தக் காலி பேட்டரிகள் எங்கே போயின? பெரும்பாலும் வீட்டுக் குப்பையோடு போயிருக்கும். சில வாடிக்கையாளர்கள் பொறுப்பாகத் திருப்பிக் கொண்டுவந்தபோது, நம்மில் சிலர் "பெரிய சூப்பர் மார்க்கெட்டில் போடுங்கள்" என்று அனுப்பிவிட்டோம். சட்டப்படி அது தவறு.

பேட்டரி விற்கிற கடை, தான் விற்கும் வகையைச் சேர்ந்த பழைய பேட்டரியை இலவசமாகத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். புதிதாக எதையாவது வாங்கினால்தான் எடுத்துக்கொள்வேன் என்று சொல்லக் கூடாது. எந்தக் கம்பெனி பேட்டரி, எந்தக் கடையில் வாங்கியது என்றும் கேட்கக் கூடாது. இணையத்தில் விற்பவர்களுக்கும் இதே கடமை உண்டு. பிரான்சில் இது பல ஆண்டுகளாக இருக்கும் விதி. 2023ஆம் ஆண்டின் ஐரோப்பிய பேட்டரி ஒழுங்குமுறையில் கழிவு பற்றிய பகுதி 2025 ஆகஸ்ட் 18 முதல் நடைமுறைக்கு வந்து இதை இன்னும் இறுக்கியிருக்கிறது. நாம் இந்தியப் பெருங்கடலில் இருந்தாலும் அந்த ஒழுங்குமுறை இங்கேயும் அப்படியே செல்லும்.

பழைய பேட்டரியைச் சேர்க்கக் கடையில் பெட்டி வைக்கச் செலவாகுமே என்று சிலர் தயங்கினார்கள். கோரெபில் போன்ற அமைப்புகள் பெட்டியைக் கொடுத்து, சேர்ந்ததை எடுத்துச் செல்லவும் ஏற்பாடு செய்கின்றன. அதற்கான பணம், பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவருபவர்கள் கட்டும் தொகையிலிருந்து வருகிறது. கடைக்காரர் தர வேண்டியது கல்லாவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம்.

அப்புறம், நம் உறுப்பினர்களில் பலரை நேரடியாகத் தொடும் ஒன்று. சென்னையிலிருந்தோ சீனாவிலிருந்தோ பொம்மை, சீரியல் லைட், மின் அகல்விளக்கு, கடிகாரம் என்று நேரே தருவித்து விற்கிறவர் சட்டத்தின் கண்ணில் வெறும் கடைக்காரர் அல்ல. அந்தச் சாமானுக்குள் இருக்கும் பேட்டரியை முதன்முதலில் பிரெஞ்சுச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் என்பதால் அவரும் உற்பத்தியாளராகவே கணக்கிடப்படுகிறார். அவர் பதிவு செய்து, தனி அடையாள எண் பெற்று, கொண்டுவந்த அளவைத் தெரிவித்து, பங்குத் தொகை கட்ட வேண்டும். "நான் பேட்டரி விற்கவில்லை, விளக்குதானே விற்கிறேன்" என்ற பதில் செல்லாது. இதை ஆண்டு நடுவில் நடந்த கூட்டத்தில் சொன்னபோது அறையே அமைதியானது. ஆனாலும் அன்றைக்கே சிலர் தங்கள் இன்வாய்ஸ்களை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

தீபாவளிக்கு விற்ற மின் அகல்விளக்கு ஒன்றைக் கூட்டத்தில் திறந்து காட்டினோம். உள்ளே சிஆர் 2032 என்ற பட்டன் பேட்டரி. 20 மில்லிமீட்டர் அகலம், மூன்று வோல்ட். ஒரு குழந்தை இதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் திசு வெந்துபோகலாம். காலியான பேட்டரியிலும் அந்த ஆபத்து மிச்சம் இருக்கும். ஆகவே பட்டன் பேட்டரியைத் திருப்பிக் கொடுத்தால் உடனே இருமுனைக்கும் சேர்த்து டேப் ஒட்டிப் பெட்டியில் போடுங்கள். ஒன்பது வோல்ட் பேட்டரிக்கும் அப்படியே. அதன் இரு முனையும் ஒரே பக்கத்தில் இருப்பதால் ஒரு சாவியோ இன்னொரு பேட்டரியோ உரசினாலே சூடேறும். உப்பிய போன் பேட்டரியைப் பெட்டியில் சேர்க்கவே வேண்டாம். அதை மணல் நிரப்பிய இரும்பு டப்பாவில் தனியாக வைத்து, தெஷெத்ரிக்கு (வீட்டுக் கழிவுகளைத் தரம் பிரித்து வாங்கும் பொது மையம்) எடுத்துப்போவதற்கு முன் அங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே சேர்பவை கப்பலேறி, 9,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து பிரான்ஸ் பெருநிலத்துக்குப் போகின்றன. சாதாரண அல்கலைன் பேட்டரியிலிருந்து துத்தநாகமும் மாங்கனீசும் இரும்பும் மீட்கப்படுகின்றன; போன் பேட்டரியிலிருந்து கோபால்ட்டும் நிக்கலும். கையடக்க பேட்டரிகளில் 2027 இறுதிக்குள் 63 சதவீதத்தையும், 2030 இறுதிக்குள் 73 சதவீதத்தையும் சேகரிக்க வேண்டும் என்பது ஐரோப்பிய இலக்கு. சின்னச் சின்னக் கடைகள் ஒதுங்கி நின்றால் இந்த இலக்கை எட்ட முடியாது. நம் தீவின் குப்பைக் கிடங்குகளோ இரண்டுதான். ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே. அங்கே போய்ச் சேரும் காட்மியமும் ஈயமும் நாளை நம் மண்ணுக்குள்தான் இறங்கும்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறது. பேட்டரி விற்கும் ஒவ்வொரு உறுப்பினர் கடையிலும், கண்ணில் படும் இடத்தில் பெட்டி இருக்க வேண்டும். இறக்குமதி செய்பவர்களின் பதிவுக்குச் சங்கம் கூட இருந்து உதவும். பிரெஞ்சுப் படிவம் நிரப்பத் தெரிந்த இளைஞர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். இனி சரக்கு ஆர்டர் கொடுக்கும்போது, வீட்டுக் குப்பையில் போடக் கூடாது என்று காட்டும், குறுக்குக்கோடு போட்ட குப்பைத்தொட்டிக் குறி பேட்டரியில் இருக்கிறதா என்று அனுப்புபவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். துறைமுகத்தில் சரக்கு நின்ற பிறகு கேட்டுப் பயனில்லை.

கார் பேட்டரி விற்கும் உறுப்பினர்கள் இதில் நமக்கு முன்னோடிகள். பழையதை வாங்கிவைத்துச் சேர்த்து அனுப்பும் பழக்கம் அவர்களிடம் ஏற்கனவே இருக்கிறது. அவர்களில் ஒருவர் அடுத்த கூட்டத்தில் செய்முறையை விளக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இந்த அறிக்கையையும் மூன்று தீர்மானங்களையும் பொதுக்குழு விவாதித்து ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்