நம் தெருவைப் பார்க்க வந்தவர்கள்

ஊரூர் குப்பம்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள மகனுக்கு,

நைனா எழுதுகிறேன். போன் போட்டால் மீட்டிங் என்கிறாய், அதனால்தான் கடிதம். அம்மா கால் பரவாயில்லை. தீபாவளிக்கு வருவதென்றால் பஸ்ஸில் வா. ராத்திரியில் ஹைவேயில் பைக் வேண்டாம்.

இன்று காலை ஆறு மணிக்கு நம் குப்பத்தைச் சுற்றிப் பார்க்கப் பதினெட்டுப் பேர் வந்தார்கள். ஹெரிடேஜ் வாக்காம். நம் தெருவைப் பார்க்க ஆளுக்குக் காசு வேறு கட்டியிருக்கிறார்கள்! காலேஜ் படிக்கும் பெண் ஒருத்திதான் கூட்டி வந்தாள். எலியட்ஸ் பீச்சில் அந்த வெள்ளை வளைவில் ஆரம்பித்து, 1930ல் மற்றவர்களைக் காப்பாற்றப் போய்க் கடலோடு போன டென்மார்க் மாலுமி கதையைச் சொன்னாளாம். நல்ல மனுஷன்தான். நம் ஆட்கள் எத்தனை பேரை இழுத்துக் கரையில் போட்டிருக்கிறார்கள், அதற்கெல்லாம் வளைவு கட்டினால் பீச்சில் நடக்க இடம் இருக்காது.

எல்லையம்மன் கோயிலைப் பார்த்துவிட்டு, வலை தைத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்தார்கள். கால் கட்டை விரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து முடிச்சுப் போடுவதைக் காட்டினேன். ஒரு பையன் ஊசியை வாங்கி முயற்சி செய்தான். மூன்று கண் தைப்பதற்குள் வியர்த்துவிட்டது. அப்புறம் வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைச் சொன்னேன், தெண்டி வெள்ளம் என்கிற கடல் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைச் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். உனக்குச் சொன்னபோது நீ கொட்டாவி விட்டாய், ஞாபகம் இருக்கிறதா?

உடைந்த பாலத்துக்கும் கூடவே போனேன். சினிமா எடுத்த இடம் என்று எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். நான்தான் சொன்னேன், இது 1967ல் நம் ஜனங்கள் ஆற்றைத் தாண்டிப் போகக் கட்டியது, 1977 வெள்ளத்தில் நடுவில் போய்விட்டது என்று. அப்போது எனக்குப் பதினைந்து வயது. அதோடு என் அம்மா, உன் ஆயா, மீன் கூடையோடு சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

பிள்ளை என்ன செய்கிறான் என்று கேட்டார்கள். பெங்களூரில் கம்ப்யூட்டர், ஆபீஸ் கார் வந்து கூட்டிப் போகும் என்றேன். பைக்கைப் பற்றிச் சொல்லவில்லை. நீயும் அதை எடுக்காதே.

திரும்பி வந்து நம் வாசலில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை. ஒரு அம்மா மட்டும் கைக்குட்டையை எடுத்தார், அதுவும் கருவாடு காய்கிற இடத்தில்.

பெண் வீட்டாரை அடுத்த மாதம் தி. நகர் ஓட்டலில் பார்ப்பதாக அக்கா சொன்னாள். சரி. வீடு சின்னது, ஏசி இல்லை, நீ சொல்வதும் நியாயம்தான். ஆனால் பதினெட்டுப் பேர் உட்கார்ந்தார்கள், அதைத்தான் சொல்கிறேன்.

உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு. பள்ளிக்கூட விண்ணப்பத்தில் குப்பம் என்று போடாமல் பெசன்ட் நகர் என்று எழுதியது யார்? நான்தான். இன்னொன்றும் இருக்கிறது. ஆறாவதில் உன் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு வந்தேனே, அன்று நீ மறந்துவிட்டுப் போன ஜாமெட்ரி பாக்ஸை எடுத்துக்கொண்டு ஆயா பள்ளிக்கூட கேட்டுக்கே வந்துவிட்டது. தலையில் அன்னக்கூடை. நான் ஓடிப்போய்ப் பாக்ஸை வாங்கிக்கொண்டு, “நீ போ, இங்கே நிற்காதே” என்றேன். மூடியில் ஒட்டியிருந்த செதிலை என் கர்ச்சீப்பால் துடைத்துவிட்டுத்தான் உன்னிடம் கொடுத்தேன். ஆயா ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் வியாபாரம் முடித்து வரும்போது உனக்குப் பொரி உருண்டை வாங்கி வந்தது. நீ அன்று ஜன்னல் வழியாகப் பார்த்தாயா என்று இத்தனை வருஷமாக நான் உன்னைக் கேட்டதில்லை.

கவலை மீன் நன்றாகப் படுகிறது. அம்மா கருவாடு போட்டு வைத்திருக்கிறாள், வாசனை வராமல் கட்டித் தரச் சொல்கிறேன்.

ஓட்டலுக்கு எந்தச் சட்டை போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று அக்காவிடம் சொல்லிவிடு.

நைனா