அந்தப் பாட்டியிடம் கிளினிக் கொப்பி இருக்கிறது
மிஷன் பயணக் குழுவுக்கு மலையகத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுப் பொறுப்பாளர்களுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு கொழும்பில் நீங்கள் போட்டுக் காட்டிய நன்றி ஆராதனை வீடியோ எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்து சேர்ந்தது. விடுமுறையில் ஆஸ்திரேலியாவிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு நீங்கள் கூட்டி வந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்கிறார்கள். நடுவில் எங்கள் மேட்டு லயத்து, அதாவது மேட்டிலுள்ள தொழிலாளர் வரிசை வீட்டுப் பாட்டியின் முகம் வருகிறது. பின்னால் பியானோ. கீழே எழுத்து: ‘வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு டொக்டரைக் கண்டவர்.’

ஐயா, அந்தப் பாட்டியிடம் கிளினிக் கொப்பி இருக்கிறது. வைத்தியமும் மருந்தும் எழுதிவைக்கும் பல வருடத்துக் கொப்பி. மழையில் நனையாமல் சொப்பிங் பேக்கில் சுற்றி, சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். மாதா மாதம் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்து, இலவசமாகக் குளிசை எடுத்து வருகிறவர். மருத்துவ முகாம் அன்று மொழிபெயர்க்க நின்ற எங்கள் தங்கச்சி இதை உங்கள் ஆட்களிடம் சொன்னாள். “ஓடிப்போய் கொப்பியை எடுத்து வரவா?” என்றும் கேட்டாள். வரிசை நீளமாக இருக்கிறது, மூன்று மணிக்கு பஸ் நுவரெலியாவுக்குப் புறப்பட வேண்டும் என்று பதில் வந்தது. மாலையில் கிரகறி வாவியில் படகு ஓட வேண்டியிருந்ததை நாங்களும் பிறகு போட்டோவில் பார்த்தோம்.

பாட்டிக்கு ஒரு போத்தல் குளிசை கிடைத்தது. வெள்ளைப் போத்தல், நீல மூடி, ஒரு மாதத்துக்கு. நம் ஆட்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பழுப்புக் கடதாசி உறையில் வரும் குளிசையைவிட வெளிநாட்டுப் போத்தல் உசத்தி. அதோடு, கிளினிக்குப் போகிற நாள் பாட்டிக்கு வருமானமில்லாத நாள். ஓய்வு எடுத்த பிறகும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போகிறவர் அவர். அதனால் அந்த மாதக் கிளினிக்குக்குப் போகவில்லை. போத்தல் முடிந்த பிறகும், வெள்ளைக்காரப் பிள்ளைகள் திரும்ப வருவார்கள் என்று காத்திருந்தார். போகும்போது “மீண்டும் வருவோம்” என்று கட்டிப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தானே போனார்கள்?

போன மாதம் மலையில் கூடையோடு விழுந்துவிட்டார். கொழுந்து லொறியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கர்த்தர் கிருபையால் உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் வார்ட்டில் டொக்டர் கேட்ட கேள்விகளுக்கு யார் பதில் சொன்னது? என்ன குளிசை, எத்தனை மில்லிகிராம், யார் கொடுத்தது? போத்தலை அதற்குள் பேத்தி கழுவி, தலைக்கு வைக்கிற எண்ணெய் ஊற்றி வைத்திருந்தாள். துண்டுச் சீட்டு எதுவும் கொடுக்கப்படவில்லை. உங்கள் வீடியோ வந்து சேர்ந்தபோது பாட்டி இன்னும் வார்ட்டில்தான் இருந்தார்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். அடுத்த பயணத்தின் நிகழ்ச்சி நிரலைப் போடுவதற்கு முன்னால் எங்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

வந்த பிள்ளைகள் மேல் எங்களுக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. நல்ல பிள்ளைகள். அட்டைக் கடிக்கு அலறினார்கள், மறுநாள் உப்பும் சவர்க்காரமும் தடவிக்கொண்டு அவர்களே முன்னால் நடந்தார்கள். ஒரு பிள்ளை எங்கள் காம்பராவில் உட்கார்ந்து ரொட்டி சுடப் பழகியது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஆறு பேர் எப்படிப் படுக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, பதில் சொன்னதும் வெளியே போய் அழுதது. வேலைக்கான நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆவதற்கே 2021 வரை இழுபட்ட கதையை ஒரு பையன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான். அதெல்லாம் சாட்சியில் வரும் என்று நினைத்தோம். “எனக்கு இருப்பதற்கு நன்றி சொல்லக் கற்றுக்கொண்டேன்” என்பதுதான் வந்தது. அவர்கள் நன்றி சொல்லப் பழகுவதற்கு நாங்கள் இப்படியே இருந்தாக வேண்டும் போலிருக்கிறது. பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. எதைப் பார்க்க வேண்டும், எதைப் பேச வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது நீங்கள்தானே.

வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் சுவருக்கு இந்த முறையும் வர்ணம் பூசினார்கள். முன்பு வந்த குழு மஞ்சள், இவர்கள் நீலம். பின்பக்கத்து மலசலகூடத்துக்குக் கதவு இல்லை என்பது உங்கள் குழுவில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் பின்பக்கம் போட்டோ எடுக்கப்படவில்லை. தூரிகை பிடித்த கைகளில் பாதிக் கைகளாவது ஆணி பிடித்திருந்தால் கதவு ஏறியிருக்கும். கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

இன்னொன்று, கொஞ்சம் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன். விசாவில் ‘சுற்றுலா’, டீ சேர்ட்டில் ‘ஊழியம்’. சுற்றுலா விசாவில் வருகிறவர்கள் மதப் பிரசங்கம் செய்வது இந்த நாட்டில் என்ன சிக்கலைக் கொண்டு வரும் என்று கொழும்பில் இருக்கிற உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். பஜாரில் கிற்றார் அடித்துத் துண்டுப் பிரசுரம் கொடுத்தது அவர்கள். அவர்கள் விமானம் ஏறிய பிறகு விசாரணைக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தது எங்கள் வாலிபர் ஐக்கியத்துத் தம்பிமார் இரண்டு பேர். இருவருக்கும் அன்றைய ‘பேர்’, அதாவது அன்றைய நாட்சம்பளம், போனது. மாரியம்மன் கோயில் வாசலில் கூட்டமாக நின்று கை நீட்டி ஜெபித்ததையும் லயமே பார்த்துக்கொண்டிருந்தது. திருவிழாவில் கரகம் எங்கள் வாசலுக்கும் வரும், நத்தாருக்கு எங்கள் கேக் எல்லா வீட்டுக்கும் போகும். மண்சரிவு எச்சரிக்கை வந்த இரவுகளில் கோயில் மண்டபத்தில்தான் நாங்களும் பாய் விரித்தோம். அந்த வாசலைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கடல் கடந்து வருகிறவர்கள் எங்களுக்குப் புதியவர்கள் இல்லை. 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது தோட்டம் தோட்டமாகப் போன உபதேசியார்கள் திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள். அவர்களிடமும் குறை இருந்திருக்கும், துரைமாரின் தயவில்தான் அவர்களும் நடந்தார்கள். ஆனால் லயத்தில் யாருக்கு என்ன வருத்தம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு நேரமும் இருந்தது, நம் பேச்சும் தெரிந்திருந்தது. உங்கள் குழுவுக்கு மூன்று மணி பஸ்.

உதவி வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் பாடசாலையில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் நிரந்தர ஆசிரியர் இல்லை. வருகிற பிள்ளைகளில் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிறவர்கள் இருந்தார்கள். அவர்கள் கையில் பலூனைக் கொடுத்து ஊதச் சொன்னீர்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிற எங்கள் பிள்ளைகளோடு இரண்டு வாரம் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கலாமே. எங்கள் தங்கச்சி பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லியிருப்பாள். மருத்துவ முகாம் வைப்பதென்றால் பகுதிச் சுகாதார அதிகாரிக்கு முதலில் சொல்லுங்கள், கிளினிக் கொப்பியைப் பார்க்காமல் ஒருவருக்கும் குளிசை கொடுக்காதீர்கள், கொடுத்ததைக் கொப்பியிலேயே எழுதி விடுங்கள். மொழிபெயர்க்கவும் சமைக்கவும் பெட்டி தூக்கவும் வருகிற எங்கள் பிள்ளைகளுக்கு அன்றைய நாட்சம்பளத்தையாவது கணக்கில் போடுங்கள். ஊழியத்துக்குச் சம்பளமா என்று கேட்பீர்கள். உங்கள் பஸ்காரர் வாங்கினார்தானே?

கோபத்தில் இரண்டு வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வீடியோவிலிருந்து பாட்டியின் பகுதியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அதைக் காட்டச் சம்மதமா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

அடுத்த வருடத்துத் திட்டத்துக்கு நீங்கள் உட்காரும் முன், குழுவிலிருந்து இரண்டு பேராவது இங்கே வாருங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நல்லது. வார நாட்களில் பெண்கள் மலையில் இருப்பார்கள். ஆராதனை முடிய பதினொரு மணியாகும். வேன் பிள்ளைக்காம்பரா வரைதான் ஏறும், அங்கிருந்து படிக்கட்டு. பகல் சாப்பாடு எங்கள் பொறுப்பு. தோட்டத் தலைவர், கோயில் கமிட்டியில் ஒருவர், தோட்டத்து மருத்துவமாது எல்லோரையும் வரச் சொல்கிறோம். திகதியை மட்டும் ஒரு கிழமைக்கு முன்னால் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
தோட்டச் சபை வாலிபர் ஐக்கியத்தின் சார்பில் செயலாளர்,
மஸ்கெலியா