மாலை போட்ட புகைப்படம்

பாளையங்கோட்டை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கு நலமாக இருக்கிறோம். அப்பாவின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பின்கட்டில் ஒழுகிய இடத்தைக் கொத்தனார் வந்து சரிசெய்துவிட்டார். வள்ளியூர் அத்தை வீட்டு விவகாரம் எப்படி முடியும் என்று நீ சொன்னாயோ அப்படியே முடிந்தது. மற்றவற்றை அக்கா சொல்லியிருப்பாள். அவளுக்கு மட்டும் நீ ‘நலம்’ என்று ஒற்றைச் சொல்லில் செய்தி அனுப்புவதையும், அவள் அதைத் தொலைபேசியில் எனக்குப் படித்துக் காட்டுவதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. சிறுவயதிலிருந்தே எதையும் சுருக்கிச் சொல்லத் தெரியாத பிள்ளை நீ. அதனால்தான் அந்த ஒற்றைச் சொல் எனக்கு உறுத்துகிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? காலைச் சாப்பாட்டைத் தவிர்க்காதே.

நீ நடித்த தொலைக்காட்சித் தொடரில் உன் பாத்திரத்தைச் சாகடித்துவிட்டதைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை. தொடர் என்றால் பாத்திரங்கள் வருவதும் போவதும் உண்டு என்பதும், வாரந்தோறும் வரும் பார்வையாளர் கணக்கைப் பார்த்துக் கதை திசை மாறும் என்பதும் நீயே எனக்குச் சொல்லிக்கொடுத்தவைதாம். 2020 ஊரடங்கில் படப்பிடிப்புகள் நின்று மறுபடி தொடங்கியபோது, எத்தனை முகங்கள் ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்ற ஒரே வரியோடு மாறிப்போயின என்பதை நாங்களும் இந்தக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள்தாம். ஆனால் நடிகனை மாற்றுவது வேறு, அவன் படத்துக்கு மாலை போட்டுக் குத்துவிளக்கு ஏற்றி வைப்பது வேறு. அதுவும் அந்தப் படம்! அக்கா திருமணத்தன்று பட்டு வேட்டியோடு நீ நின்றாயே, அதே படம். உன்னிடம் ஒரு படம் கேட்டிருப்பார்கள், கைப்பேசியில் இருந்ததை நீயும் கொடுத்திருப்பாய், எதற்கென்று அப்போது உனக்குத் தெரிந்திருந்ததோ இல்லையோ. அதன் பெரிய பிரதி நம் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறது என்பதாவது உனக்கு நினைவு வந்திருக்கலாம். அப்பா எழுந்து பெட்டியை அணைத்தார். ஒன்றும் பேசாமல் கொல்லைப்பக்கம் போய்விட்டார். மறுநாள் எதிர்வீட்டு அம்மாள் துக்கம் விசாரிப்பவரைப்போல் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார். “கதைதானே” என்று நானே அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினேன். அவர் போனபின் உப்பும் மிளகாயும் எடுத்து, நீ இல்லாவிட்டாலும் உன் படத்துக்குச் சுற்றிப் போட்டேன். சிரித்துக்கொள், பரவாயில்லை.

அந்தத் தொடரில் எனக்கு இருந்த மனக்குறையும் வேறு. உன் முகத்தை வைத்துக்கொண்டு இன்னொருவர் குரலை ஒட்டியிருந்தார்கள். குரல் கொடுத்தவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான்; அவர் பிழைப்பை நான் பழிக்கவில்லை. ஆனால் பாரதி விழாவில் ஒலிபெருக்கி கெட்டுப்போன பிறகும் கடைசி வரிசை வரைக்கும் கேட்ட குரல் உன்னுடையது. கேமராவுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று வசனத்தைச் சொல்லச்சொல்ல நீங்கள் திருப்பிச் சொல்வீர்கள் என்றும், குரலைப் பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்ப்பார்கள் என்றும் நீ முதலில் சொன்னபோது, முப்பது ஆண்டுகளுக்கு மேல் தேர்வறைக் கண்காணிப்பாளராக இருந்தவளுக்கு அது காதோரம் விடை சொல்லிக்கொடுப்பதைப் போலத்தான் பட்டது. ஒரு நாளில் அத்தனை காட்சிகளை எடுத்தாக வேண்டியவர்களுக்கு வேறு வழி இல்லை என்று நீ அவர்களுக்காக வாதாடினாய். இப்போதும் வாதாடுவாயா என்று தெரியவில்லை.

குரல் என்றதும் எனக்கு நடிகர் பூர்ணம் விசுவநாதன் நினைவுக்கு வருகிறார். நம் முன்னீர்ப்பள்ளத்தில் 1921-இல் பிறந்தவர். முகத்தால் அறியப்படுவதற்கு வெகுகாலம் முன்பே குரலால் அறியப்பட்டவர். டெல்லி அகில இந்திய வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். 1947 ஆகஸ்டு 15 அன்று நாடு விடுதலை பெற்ற செய்தியைத் தமிழில் வாசித்த குரல் அவருடையது. அவ்வளவு பெரிய செய்தியை வாசித்த மனிதர், அலுவலகம் முடிந்த மாலைகளில் டெல்லித் தமிழர்களின் தட்சிண பாரத நாடக சபாவில் ஒத்திகைக்குப் போய்க்கொண்டிருந்தார் என்பதை நீ யோசித்துப் பார்க்க வேண்டும். பிறகு சென்னையில் சொந்தக் குழு வைத்து சுஜாதாவின் நாடகங்களை மேடையேற்றினார். ‘கடவுள் வந்திருந்தார்’ நாடகத்தில், பிறர் கண்ணுக்குத் தெரியாத எதிர்கால மனிதன் ஒருவனோடு ஓய்வு பெற்ற ஒருவர் பேசிக்கொண்டிருப்பார். வீட்டார் அவருக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டுவார்கள். அந்த ஓய்வு பெற்றவரைப் பார்ப்பவர் நம்பினால்தான் நாடகம் நிற்கும். அந்தப் பாத்திரத்தை அவர் ஏற்றார். திரையிலும் தூர்தர்ஷனிலும் அவரைப் பார்த்தவர்கள் அன்பான அப்பா, நல்ல பெரியவர் என்று நினைவு வைத்திருக்கிறார்கள். அது அவருடைய பாதிதான். மீதிப் பாதியை மேடையில் பார்த்தவர்கள் அறிவார்கள். 2008-இல் காலமானார்.

அந்த டெல்லி நாடகக்காரர்களிடமிருந்து வந்த இன்னொருவரும் தாமிரவருணிக் கரையைச் சேர்ந்தவர்தான். வல்லநாட்டில் 1944-இல் பிறந்த கணேசன், 1964 முதல் பத்து ஆண்டுகள் விமானப்படையில் வேலை பார்த்துக்கொண்டே டெல்லியில் நாடகம் நடித்து, டெல்லி கணேஷ் ஆனார். சென்னைக்கு வந்து காத்தாடி ராமமூர்த்தி குழுவில் நடித்தார். அதன் பிறகுதான் கே. பாலசந்தர் அவரைத் திரைக்குக் கொண்டுபோனார். 1979-இல் வந்த ‘பசி’ படத்துக்காக மாநில அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. அதன்பின் நானூறுக்கு மேற்பட்ட படங்கள், சின்னத்திரைத் தொடர்கள், பிற நடிகர்களுக்குப் பின்னணிக் குரல். எண்பது வயது வரைக்கும் வேலை. கதாநாயகனாக வேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. சமையற்காரராக, மிருதங்க வித்துவானாக, வில்லனாக, கிடைத்ததை அவர் முழுதாகச் செய்தார். 2024 நவம்பரில் அவர் இறந்தபோது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அவர் விட்டுவந்த விமானப்படையிலிருந்து ஆட்கள் வந்து மரியாதை செலுத்தினார்கள். அதைச் செய்தியில் பார்த்துவிட்டு அப்பா வெகுநேரம் பேசாமல் இருந்தார். எதை நினைத்தார் என்று உனக்குத் தெரியும். பீரோவில் இருக்கும் அந்த நியமனக் கடிதத்தைப் பற்றி அவர் இதுவரை ஒரு சொல்லும் சொன்னதில்லை. நானும் இப்போது சொல்லவில்லை.

நீ உடனே பதில் சொல்வாய் என்பதை அறிவேன். ‘கணேசன் வேலையை விட்டுத்தானே வந்தார்?’ என்பாய். ஆமாம், விட்டுத்தான் வந்தார். அதற்கு முன் பத்து ஆண்டுகள் மாதம் தவறாமல் சம்பளம் வாங்கியிருந்தார். பாலசந்தரும் அரசுக் கணக்குகளைப் பார்க்கும் ஏ.ஜி. அலுவலகத்தில் கோப்பு பார்த்துக்கொண்டுதான் நாடகம் போட்டார். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று சொல்லும் சங்கரதாஸ் சுவாமிகள், நம் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டிக்காரர், உப்புப் பண்டகசாலையில் கணக்கராக இருந்துவிட்டுத்தான் மேடைக்கு வந்தார். இவர்களெல்லாம் பயந்தவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. வயிற்றுக்கு வேறு ஏற்பாடு இருக்கும் நடிகனால் ஒரு வேடத்தை வேண்டாம் என்று சொல்ல முடியும், நல்ல வேடம் வரும்வரை காத்திருக்க முடியும், தன் படத்துக்கு மாலை போடுகிறேன் என்பவர்களிடம் வேறு படம் தருகிறேன் என்றாவது சொல்ல முடியும். நான் கேட்பது இவ்வளவுதான்: ஏதாவது ஒரு வேலையைப் பிடித்துக்கொள், நாடகத்தை விடாதே. இரண்டில் எதை முதலில் எழுதினாலும் நீ மற்றதை மட்டும் படிப்பாய் என்பதால் மீண்டும் எழுதுகிறேன்: நாடகத்தை விடாதே, ஒரு வேலையைப் பிடித்துக்கொள்.

வேலை என்றால் வங்கி என்றே பொருள்கொள்ளாதே. சென்னை வானொலியில் நாடகக் குரல் தேர்வு வைப்பார்கள். தேறியவர்களைத் தரம் பிரித்துக்கொண்டு, நாடகம் இருக்கும்போது அழைப்பார்கள். தற்காலிக அறிவிப்பாளர்களையும் எடுப்பதுண்டு. வருமானம் பெரிதாக இராது என்பது தெரிந்தே சொல்கிறேன். ஆனால் அங்கே உன் குரலை எடுத்துவிட்டு இன்னொருவர் குரலை வைக்க முடியாது. பள்ளிகளில் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று என்னோடு வேலை பார்த்த ஆசிரியை ஒருவர் சொன்னார். அவருடைய எண்ணை அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். பேசு என்று கட்டாயப்படுத்தவில்லை. பேசினால் நல்லது.

உனக்கு வரவேண்டிய பணம் வந்ததா? சின்னத்திரையில் நாள் கணக்கில்தான் ஊதியம் என்பதும், நடித்த நாளுக்கும் பணம் கைக்கு வரும் நாளுக்கும் நடுவில் வெகுதூரம் இருக்கும் என்பதும் நீ சொல்லித் தெரியும். பாத்திரம் செத்துவிட்டது என்பதற்காக நடிகனுக்குக் கொடுக்கவேண்டியது செத்துவிடாது. நடித்த தேதிகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாய் அல்லவா? வைத்திராவிட்டால் இன்றே உட்கார்ந்து நினைவிலிருந்து எழுது. கேட்பதற்குக் கூச்சப்படாதே, சங்கம் இருக்கிறது, மூத்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் சொல். நம் வீட்டில் எல்லோருக்கும் கேட்பதற்குக் கூச்சம். தாத்தா தம் ஆர்மோனியத்தை இரவல் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்காமலே போய்ச் சேர்ந்தார்.

ஒன்றை நான் உன்னிடம் நேரில் சொன்னதில்லை. போன முறை சென்னைக்கு வந்தபோது உன் குழுவின் நாடகத்தைப் பார்த்தோம் அல்லவா? அதில் நீ கடன்காரனுக்குப் பயந்து கதவுக்குப் பின்னால் நிற்கும் காட்சியில் உனக்கு ஒரு வசனமும் இல்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ நின்ற நிலையில் என்ன கண்டாரோ, அதைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முதுகைப் பார்த்தே உன் நடிப்பை அளந்துகொண்டேன். நாடகம் முடிந்ததும் வேட்டியின் கரை சரியாக இல்லை என்று மட்டும் உன்னிடம் சொன்னேன். கரை சரியாக இல்லைதான். ஆனால் நீ நன்றாக நடித்தாய். தொடரில் அத்தனை நாள் வந்தும் அப்படி நிற்க உனக்கு ஒரு காட்சிகூடக் கொடுக்கவில்லை.

அப்பா உன் எண்ணைப் பார்த்துப் பார்த்து வைக்கிறார், அழைப்பதில்லை. இரவு எட்டு மணிக்குமேல் அந்தத் தொடரின் நேரத்தில் நாங்கள் இப்போது எதுவும் பார்ப்பதில்லை என்பதால், அப்போது பேசுவதற்கு எங்களுக்கு வசதியாக இருக்கும். வேலையைப் பற்றி நான் கேட்கமாட்டேன். அவரும் கேட்கமாட்டார்.

உங்கள் குழுவின் அடுத்த நாடகம் எந்த அரங்கில், எந்தத் தேதியில் என்பதை முன்கூட்டியே எழுது. நெல்லை விரைவு வண்டியில் கீழ்ப்படுக்கை கிடைக்க நாங்கள் முன்பதிவு செய்தாக வேண்டும். இலவச அனுமதிச் சீட்டு எடுத்துவைக்காதே. அப்பா சீட்டுக்குப் பணம் கொடுத்துத்தான் வருவேன் என்கிறார்.

அன்புடன்,
அம்மா