ஆயாவைப் பற்றியே எழுதட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் எப்படிக் கட்டுரை எழுதவேண்டும் என்று சென்ற வாரம் உங்கள் கல்வி இணைப்பில் வந்திருந்ததைப் படித்தேன். "பாட்டியின் மறைவு, தேர்வில் தோல்வி, டாக்டர் கனவு போன்ற பழகிப்போன தலைப்புகளைத் தவிர்க்கவும்" என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். கூடவே இரண்டு மாதிரிக் கட்டுரைகள். அன்று சாயங்காலமே குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு பெண் போன் செய்து, "மிஸ், எங்க ஆயாவைப் பத்தி எழுதினதைக் கிழிச்சுப் போட்டுடட்டுமா?" என்று கேட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

வேலூர் மாவட்ட அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள் நான். காட்பாடியில் என் வீட்டு வராந்தாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பிளஸ் டூ பிள்ளைகள் நாலைந்து பேர் வருவார்கள். நம் ஊரில் இன்ஜினீயரிங்குக்குக் கட்-ஆஃப், மருத்துவத்துக்கு நீட். கட்டுரையைப் படித்துப் பார்த்து இடம் கொடுப்பது நமக்குப் பழக்கமில்லாத விஷயம். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொதுவான 'காமன் ஆப்' விண்ணப்பத்தில் 650 சொல்லுக்குள் ஒரு கட்டுரை கேட்கிறார்கள். ஏழு கேள்விகள் இருக்கும், ஏதாவது ஒன்றுக்கு எழுதலாம். வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அதே ஏழு கேள்விகளைத்தான் பார்க்கிறார்கள். இங்கிலாந்துக்கு 'யூகாஸ்' என்ற பொது விண்ணப்பம். அங்கே 2026 சேர்க்கையிலிருந்து ஒரே நீளக் கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகள், மொத்தம் 4,000 எழுத்துகள். கேள்வி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும்போது, 17 வயதுப் பிள்ளைக்கு யாருக்குமே கிடைக்காத தலைப்பு எங்கிருந்து வரும்? அந்த வயதுக்குள் வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கும், ஏதாவது ஒரு பரீட்சையில் சறுக்கியிருக்கும், மனசுக்குள் ஒரு ஆசை இருக்கும். அதை எழுதாதே என்றால் பிள்ளை இல்லாததைத்தான் எழுதும்.

அந்தக் குடியாத்தம் பெண்ணின் முதல் கட்டுரை நன்றாக இல்லைதான். "என் பாட்டி அன்பின் உருவம். அவர் மறைந்தபோது என் உலகமே இருண்டது" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். யாருடைய பாட்டிக்கும் பொருந்தும். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "ராத்திரி எட்டு மணிக்கு உங்க ஆயா என்னம்மா பண்ணிட்டு இருப்பாங்க?" என்று தமிழில் கேட்டேன். பீடி சுத்துவாங்க என்றாள். நீ? நான் கட்டு கட்டுவேன். ஒரு கட்டுக்கு எத்தனை? 25. சரி, சண்டையே வராதா என்றேன். அப்போதுதான் சிரித்தாள். இவள் எண்ணிக் கட்டிய கட்டை ஆயா எண்ணவே மாட்டாராம். உள்ளங்கையில் வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, "ரெண்டு கம்மி, பிரி" என்பாராம். இவள் கோபத்தோடு பிரித்து எண்ணினால் 23 இருக்குமாம். கரண்ட் போன இருட்டிலும் அந்தக் கை தப்பாது. கண் மங்கிய கடைசி வருடத்தில் மட்டும் ஒருநாள் சரியான கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல எத்தன இருக்கு, நீயே சொல்லு" என்று கேட்டாராம். அதைச் சொல்லிவிட்டு அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அவள் விண்ணப்பிக்கப்போவது புள்ளியியல் படிப்புக்கு. அந்தச் சம்பந்தத்தை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, மூன்றாவது தடவை எழுதும்போது அவளே கண்டுபிடித்தாள். எண்ணாமலே அளவு தெரிவது எப்படி, அது எத்தனை தடவை தப்பும் என்று யோசிக்க ஆரம்பித்ததே ஆயா பீடி சுற்றிய முறத்துக்கு எதிரில் உட்கார்ந்துதான் என்று எழுதினாள். தலைப்பு அதே பாட்டி மறைவுதான். 'உலகமே இருண்டது' மட்டும் போய்விட்டது.

டாக்டர் கனவுக்கு வருகிறேன். வேலூர்ப் பிள்ளை மருத்துவம் என்று எழுத ஆரம்பித்தாலே எங்கள் ஊர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையைத் தொடங்கிய அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் வந்துவிடுவார். அவர் டாக்டராவதற்கு முன்பு ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து கதவைத் தட்டியதும், ஆண் டாக்டர் கூடாது என்று அந்த மூன்று பெண்களும் பிரசவத்தில் இறந்துபோனதும், அவர் 1900-இல் இங்கே ஒற்றைக் கட்டிலோடு மருத்துவம் பார்க்கத் தொடங்கியதும் எங்களுக்கெல்லாம் தாலாட்டு மாதிரி. நான் அந்த அம்மையாரைக் கும்பிடுகிறவள். ஆனால் அது அவர் பார்த்த இரவு. நீ என்ன பார்த்தாய் என்று நான் ஒரு பையனைக் கேட்டேன்.

அவன் அப்பாவுக்கு சி.எம்.சி. எதிரே ஒரு லாட்ஜில் வேலை. அந்தத் தெருக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதி போர்டு வங்காளத்தில் இருக்கும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், பங்களாதேஷ் என்று எங்கெங்கிருந்தோ வந்து வாரக்கணக்கில் தங்குகிறார்கள். இவன் அவர்களோடு பழகியே வங்காளம் பேசுகிறான். மருந்துக் கவர்மேல் 1-0-1 (காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று) என்று எழுதியிருப்பதையும் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதையும் பார்த்து, 'காபார் ஆகே' (சாப்பாட்டுக்கு முன்), 'காபார் பொரே' (சாப்பாட்டுக்குப் பின்) என்று அவர்களுக்கு வங்காளத்தில் சொல்லித் தருவது இவன் வேலை. ஒருநாள் ஒரு வயதான அம்மாவுக்கு இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டான். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்திருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு அப்பாவுக்கும் தெரியாமல் போய் அந்த அறைக் கதவைத் தட்டி, காலை மாத்திரைக்கு முன்னால் திருத்திச் சொல்லியிருக்கிறான். இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாததை என் வராந்தாவில் சொன்னான்.

"தப்பு பண்ணினதை எழுதினா சீட்டு தருவாங்களா டீச்சர்?" என்று அவன் அம்மா என்னிடம் கேட்டார். நியாயமான பயம். சீட்டு கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. அதை வேறு எந்தப் பிள்ளையாலும் எழுதமுடியாது என்று மட்டும் சொன்னேன். எழுதினான்.

ஐயா, நான் செய்வதெல்லாம் இவ்வளவுதான். முதலில் தமிழில் பேச வைக்கிறேன், அதை அவர்கள் செல்போனிலேயே பதிவு செய்துகொள்கிறார்கள். அப்புறம் அதைக் கேட்டுத் தமிழில் எழுதி, கடைசியில் ஆங்கிலத்துக்குப் போகிறார்கள். நேராக ஆங்கிலத்தில் உட்காரவைத்தால், பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த வாக்கியங்கள்தான் கையில் வரும். இலக்கணப் பிழையைச் சுட்டுவேன். வாக்கியத்தை நான் எழுதித் தரமாட்டேன். இதில் மட்டும் நான் கறார்.

போன வருடம் இதே மாவட்டத்தில் ஒரு பயிற்சி மையத்துக்கு 15,000 ரூபாய் கட்டிவிட்டு மூன்று பிள்ளைகள் என்னிடம் வந்தார்கள். மூன்று கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். பாட்டியின் ஊர் மட்டும்தான் மாறியிருந்தது. மூன்று பாட்டிகளும் ஒரே புன்னகையோடு இறந்துபோயிருந்தார்கள். அதில் ஒரு பையனின் ஆயா அப்போது வீட்டில் உயிரோடு இருந்தார். அவனுக்கு என் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கடன் வாங்கிக் கொடுத்த அப்பாவை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

மாதிரிக் கட்டுரை போட்டால் நாளைக்கு அதுவும் இப்படித்தான் நூறு கை மாறும். அதற்குப் பதிலாக அந்த இடத்தில் கேள்விகளைப் போடுங்கள். வீட்டில் உனக்கென்று இருந்த வேலை எது, அதில் யார் உன்னைத் திட்டினார்கள், எந்த வார்த்தையால்? நீ மறைத்த தப்பு எது? உனக்குத் தெரிந்து உன் வகுப்பில் யாருக்கும் தெரியாதது என்ன? இந்த மாதிரி முப்பது, நாற்பது என் நோட்டில் இருக்கின்றன. கேட்டால் எழுதி அனுப்புகிறேன், பணம் எதுவும் வேண்டாம். பிள்ளைகள் தமிழில் எழுதி அனுப்பும் பதில்களில் வாரம் ஒன்றை வெளியிடவும் முடிந்தால் நல்லது.

காமன் ஆப் ஆகஸ்ட் 1-ஆம் தேதி திறக்கிறது. ஜூன் மாதமே நீங்கள் தொடங்கினால், பிள்ளைகளுக்கு மூன்று தடவை எழுதிப் பார்க்க நேரம் இருக்கும். அந்தக் குடியாத்தம் பெண்ணிடம் கிழிக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.