எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

ஜார்ஜ்டவுன், பினாங்கு
ஞாயிறு மதியம்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கண்புரை ஆபரேஷனைச் சாக்குச் சொல்லலாம். இடது கண் முடிந்தது, வலது கண்ணுக்கு அடுத்த மாதம். ஆனால் நீ எழுதிய ஒரு வரிக்குப் பதில் தெரியாமல்தான் தள்ளிப் போட்டேன். "நம் பிள்ளைகளை நாம் பார்க்காமல் யார் பார்ப்பது? மனிதம், மானுடம் எல்லாம் வயிறு நிறைந்தவன் பேச்சு." இதையே, கிட்டத்தட்ட இதே சொற்களில், போன மாதம் எங்கள் சங்கக் கூட்டத்திலும் கேட்டேன்.

வருஷா வருஷம் நாங்கள் படிப்பு உதவி கொடுப்பது உனக்குத் தெரியும். பத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஆயிரம் வெள்ளி. இந்த முறை ஒரு விண்ணப்பப் பாரத்தைச் செயலாளர் தனியாக எடுத்து வைத்திருந்தார். பெண் தமிழ்ப்பள்ளியில் படித்தவள், பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் தமிழுக்கு ஏ. வீட்டில் கூப்பிடுவது அம்மன் பெயர். ஐசியில், அதாவது அடையாள அட்டையில், இருப்பதோ சீனப் பெயர். கைக்குழந்தையாக வாங்கி வளர்த்தவர்கள் முறைப்படி தத்துப் பத்திரம் எழுதவில்லை. இனம் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் அதை வெறுமனே விட்டிருந்தாள்.

நம் தோட்டத்தில் இப்படி எத்தனை பேர் இருந்தார்கள்! மூன்றாம் லயத்துச் சீனத்து அக்காவை நினைத்துக்கொள். வெள்ளிக்கிழமை ஆனால் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு, நம்மைவிடச் சுத்தமான தமிழில் நம்மைத் திட்டுமே.

அந்தப் பெண் பூக்கடையிலிருந்து நேராக வந்து வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிளாஸ்டிக் பை, அதில் மல்லிகை. கூட்டம் சீக்கிரம் முடியாது என்று தெரிந்தவள் போல, நூலைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு கட்ட ஆரம்பித்துவிட்டாள். அவள் யார் என்று உள்ளே நாங்கள் நாற்பது நிமிஷம் பேசினோம். அதற்குள் மூன்று முழம் கட்டியிருந்தாள்.

"சீனர்களுக்குச் சங்கம் இல்லையா, கொங்சி இல்லையா?" என்றார் பொருளாளர். கொங்சி என்பது சீனர்களின் குலச் சங்கம்தானே, அங்கே போனால் குலப்பெயர் கேட்பார்கள், எந்த ஊர் வம்சம் என்பார்கள். இவள் என்ன சொல்வாள்? நான் எழுந்து பேசினேன். பிறப்பு எதுவானால் என்ன, வளர்ப்பால் தமிழச்சி, தேவாரம் பாடுகிறாள், நம் வீட்டுப் பிள்ளைகளுக்கே வராத ழகரம் அவளுக்கு வருகிறது என்றெல்லாம். கை தூக்கச் சொன்னார்கள். ஆறுக்கு மூன்று. ஜெயித்துவிட்டேன். திரும்பும் வழியில் மாமாக் கடையில் மீ கோரெங் சாப்பிட்டேன், டாக்டருக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து பாரத்தைக் கோப்பில் வைக்கும்போதுதான் பின்பக்கத்தைப் பார்த்தேன். வளர்த்த அப்பா இல்லை. அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். வருமானம் அந்தப் பூக்கடை மட்டும். நாற்பது நிமிஷத்தில் ஒருவர்கூடத் தாளைத் திருப்பவில்லை, நான் உட்பட. தேவாரம் தெரிந்ததால் பணம் கொடுத்திருக்கிறோம். தெரியாமல் இருந்திருந்தால் அவள் அம்மாவுக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்திருக்குமா?

அதிலிருந்து சரியான தூக்கமில்லை.

உன் பக்கம் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பில் மலாய்க்காரர்களும் பூர்வகுடிகளுமான பூமிபுத்ராக்களுக்கு நூற்றுக்கு 90 இடம், மற்ற எல்லோருக்கும் சேர்த்து 10 என்ற கணக்கில் நம் பிள்ளைகள் பட்ட பாட்டை நானும்தான் பார்த்தேன். அரசியலமைப்பின் 8-ஆம் பிரிவு இனத்தால் பாகுபாடு கூடாது என்கிறது. இந்தச் சட்டமே வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய என்று அதே மூச்சில் ஒரு விலக்கும் வைக்கிறது. அப்புறம் பூமிபுத்ராக்களின் சிறப்பு நிலையைச் சொல்லும் 153-ஆம் பிரிவு வருகிறது. இந்தியன் என்பதற்காக அடி விழும்போது, நான் மனிதன் என்று பொதுவாக முனகினால் யார் காதில் விழும்? இந்தியன் என்றுதான் கத்த வேண்டும். 2007 நவம்பர் 25 அன்று, இந்தியர் உரிமைக்கான ஹிண்ட்ராஃப் பேரணியில், கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் கண்ணீர்ப்புகைக்குள் நின்றவன் நீ. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மேடை மானுடமும் எனக்கு ஆகாது. இங்கே வருகிற பேச்சாளர்கள் எல்லோரும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தெருவைக் காட்டுவார்கள். பார், கோயில், பள்ளிவாசல், குவான் யின் சன்னதி, கோடியில் ஒரு சர்ச் என்று. எல்லாம் சரி. அதே ஊரில் ஒரு தமிழ்ப் பையன் அறை வாடகைக்குப் போன் செய்து பார்க்கட்டும். தைப்பூச ரதத்துக்கு எத்தனை சீனர்கள் தேங்காய் உடைக்கிறார்கள்! தேங்காய்க்கு யாரும் இனம் கேட்பதில்லை. ஆயிரம் வெள்ளி என்றதும் நாம் கேட்டுவிட்டோம்.

2018 உனக்கு நினைவிருக்கும். இனப் பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை ஏற்கப்போவதில்லை என்று அரசு நவம்பரிலேயே சொல்லிவிட்டது. அப்படியும் டிசம்பர் 8 அன்று அந்த உடன்படிக்கையை எதிர்த்தவர்கள் கோலாலம்பூர் மெர்டேக்கா சதுக்கப் பக்கம் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். அன்று ராத்திரி நீ போனில் கேட்டாய்: "சமமாக நடத்து என்றால் இவர்களுக்கு ஏன் இத்தனை பயம்?" எங்கள் பொருளாளர் முகத்தில் நான் பார்த்தது அதே பயம்தான். கதவைத் திறந்தால் நமக்கு மிஞ்சாது என்கிற பயம். அவர் கெட்டவர் இல்லை. மகன் நல்ல மதிப்பெண் வாங்கியும் கேட்ட படிப்பு கிடைக்காமல் ஊர் ஊராக அலைந்தவர். அடையாள அரசியல் என்று பத்திரிகைகளில் பெரிதாக எழுதுகிறார்களே, அது எங்கள் சங்கத்தில் இந்த மாதிரி அடிபட்ட மனிதர் ஒருவரின் குரலில்தான் வந்தது. அதனால்தான் எதிர்த்துப் பேசக் கஷ்டமாக இருக்கிறது.

செயலாளருக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். இனம் என்ற கட்டத்தை எடுத்துவிடுங்கள், வருமானத்தையும் வீட்டு நிலைமையையும் முன்பக்கம் கொண்டு வாருங்கள் என்று. பொருளாளர் உடனே போன் செய்தார். "நாளைக்கு ஒரு நேப்பாளிப் பையன் வந்தால்?" வரட்டும் என்றேன். சொல்லிவிட்டு, பத்து இடத்தில் ஒன்று போனால் ஒன்பது என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

உன் முட்டிவலி எப்படி? பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளா? தைப்பூசத்துக்கு வருவதென்றால் முன்கூட்டியே சொல், மாடி அறையைக் கூட்டி வைக்கச் சொல்கிறேன்.

அடுத்த கூட்டம் 2 வாரத்தில். அதற்குள் எனக்கு எதிராக உனக்குத் தோன்றுவதையெல்லாம் ஒன்று விடாமல் எழுது. பொருளாளர் அதைத்தான் கேட்கப்போகிறார். நான் தயாராக இருக்க வேண்டும்.

உன்
பழைய பெஞ்சுக்காரன்