பழைய ஆஃபீஸ் எந்தக் கணினியில் இருக்கலாம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய எம்எஸ் ஆஃபீஸே போதும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையும், எல்லோரும் உடனே மாறியாக வேண்டும் என்று அதை மறுத்து வந்த கடிதமும் ஒன்றைக் கேட்காமலே விட்டுவிட்டன: எந்தக் கணினியில்?

மென்பொருளின் வயதைப் பார்க்கும் முன், அந்தக் கணினிக்கு வெளியிலிருந்து கோப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். ‘இத்தனை வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே’ என்பது வாதமே ஆகாது. வேர்டில் கணிதச் சமன்பாடு போட இருந்த ஈக்வேஷன் எடிட்டர் 2000-ஆம் ஆண்டின் நிரல். அதிலிருந்த பாதுகாப்பு ஓட்டை 2017 நவம்பரில்தான் அம்பலமானது. மேக்ரோவை, அதாவது கோப்புக்குள் இருந்து தானாக ஓடும் சிறு நிரலை, அனுமதிக்கக்கூட வேண்டாம். அதற்கென்றே தயாரித்து அனுப்பிய கோப்பைத் திறந்தாலே வைரஸ் உள்ளே வர வழி கிடைத்துவிடும். 2018 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அந்தக் கருவியையே ஆஃபீஸிலிருந்து நீக்கியது. ஆஃபீஸ் 2016, 2019 பதிப்புகளுக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இனி இதுபோல் ஒன்று வெளிப்பட்டால் அவற்றுக்கு மருந்து வரும் என்று நம்பியிருக்க முடியாது.

ஆகவே மின்னஞ்சலும் வாட்ஸ்அப் வெப்பும் திறக்கிற கணினியில் பழைய ஆஃபீஸ் கூடாது. இணையமே இல்லாமல் பில் போடவும் அச்செடுக்கவும் மட்டும் வைத்திருக்கும் கணினியில் 2010 இருந்தால்கூட இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவை அதில் செருகினால் இணையத்தைத் துண்டித்ததற்குப் பலனில்லை.

புதிய பதிப்புக்குப் போகிறவர்கள் மெனு மாறிவிடுமே என்று பயப்படுகிறார்கள். அது ஒரு வாரத்தில் பழகிவிடும். தமிழில் வேலை பார்க்கும் அலுவலகங்களில் உண்மையில் உதைப்பது ஃபான்ட்தான்.

ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய ஃபான்டான பாமினியில் தட்டச்சு செய்பவர்களை எடுத்துக்கொள்வோம். அதில் சிறிய எம் தட்டினால் ‘அ’, பெரிய எம் தட்டினால் ‘ஆ’. வேர்டுக்கு அது தமிழ் என்று தெரியாது, ஆங்கில எழுத்தாகத்தான் பார்க்கும். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் ஆட்டோகரெக்ட் வசதி புதிதாக நிறுவியதும் இயக்கத்தில் இருக்கும். விளைவு, வாக்கியத் தொடக்கத்தில் ‘அவர்’ என்று அடித்தது ‘ஆவர்’ என்று நிற்கும். அதுவும் சரியான சொல்லாகவே இருப்பதால் மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணிலும் எளிதில் படாது. பழைய கணினியில் யாரோ எப்போதோ அணைத்து வைத்திருப்பார்கள். அது இப்போது யாருக்கும் நினைவிருக்காது. ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று போய் அந்த டிக்கை எடுத்துவிட்டுத்தான் முதல் வரியை அடிக்க வேண்டும்.

தமிழைத் தமிழாகவே கணினி அறியும் யூனிகோடு முறையில் அடிப்பவர்களுக்கு வேறு தொல்லை. விண்டோஸ் எக்ஸ்பி, 7 காலத்தில் லதா என்ற தமிழ் ஃபான்ட் கூடவே வந்தது. விண்டோஸ் 10, 11-இல் அது தனியாகச் சேர்க்க வேண்டிய ஒன்று. இல்லாவிட்டால் வேர்டு சத்தமில்லாமல் வேறு ஃபான்டைப் போட்டுக்கொள்ளும். கொடுமை என்னவென்றால், மேலே ஃபான்ட் பெட்டியில் லதா என்றே காட்டும்! வரி இடைவெளியும் எழுத்தின் அகலமும் மாறுவதால், முத்திரைத்தாளில் அளவெடுத்து வைத்த பத்திரத்தின் கடைசி இரண்டு வரி அடுத்த தாளுக்கு ஓடிவிடும். செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதிக்குப் போய் ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ என்பதைச் சேர்த்தால் லதாவும் விஜயாவும் வந்துவிடும். எந்த ஃபான்டுக்குப் பதில் எது வந்திருக்கிறது என்பதை வேர்டு ஆப்ஷன்ஸின் அட்வான்ஸ்டு பகுதியிலுள்ள ஃபான்ட் சப்ஸ்டிட்யூஷன் பட்டனை அழுத்திப் பார்க்கலாம்.

எக்செலில் பழைய மேக்ரோ வைத்திருப்பவர்கள் நிறுவும்போதே ஆஃபீஸின் 32 பிட், 64 பிட் என்ற இரு வகைகளில் எது என்று கவனிக்க வேண்டும். 2019 பதிப்பிலிருந்து, நாமாகத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் 64 பிட்தான் இறங்கும். விண்டோஸின் உள் நிரல்களை நேரடியாக அழைக்கும் டிக்ளேர் (Declare) வரிகளில் பிடிஆர்சேஃப் (PtrSafe) என்ற சொல் இல்லையென்றால் அந்த மேக்ரோ 64 பிட்டில் ஓடாது. மேக்ரோவைத் திருத்த ஆளில்லாத இடத்தில் 32 பிட் போட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம்.

ஒரே ஒரு கணினியில் மட்டும் புதியதைப் போட்டு, மற்ற மூன்றில் பழையதை விடுபவர்களுக்கு ஒரு சொல். பட்டியலில் ஒன்றைத் தேடி அதற்குரிய மதிப்பைத் தரும் எக்ஸ்லுக்கப் (XLOOKUP) சூத்திரத்தைப் புதியதில் போட்ட கோப்பை ஆஃபீஸ் 2016-இல் திறந்தால் எண்கள் சரியாகத்தான் தெரியும். அந்தக் கட்டத்தைத் தொட்டு மறுபடி கணக்கிடும்போதுதான் ‘நேம்’ (#NAME?) பிழை வரும். கணக்கு அனுப்பியவரோ, என்னிடம் சரியாக இருக்கிறதே என்பார். எல்லாக் கணினியும் மாறும்வரை அதே வேலைக்கான பழைய விலுக்கப் (VLOOKUP) சூத்திரமே போதும்.

வாங்குவதில் ஓர் எச்சரிக்கை. மலிவாகக் கிடைக்கிறது என்று இப்போது ஆஃபீஸ் 2021 பதிப்பை வாங்காதீர்கள். அதன் ஆதரவு 2026 அக்டோபர் 13-இல் முடிகிறது. ஒருமுறை பணம் கட்டும் 2024 பதிப்புக்கு 2029 அக்டோபர் 9 வரை திருத்தங்கள் உண்டு. சில நூறு ரூபாய்க்கு விற்கும் ‘வாழ்நாள் கீ’ என்ற உரிம எண் பெரும்பாலும் பெரிய நிறுவனங்களின் மொத்த உரிமத்திலிருந்து கசிந்தது. என்றைக்கு முடக்குவார்கள் என்று சொல்ல முடியாது. கடிதமும் சிறு பட்டியலும் மட்டும் அடிப்பவர்களுக்கு இலவச லிப்ரெஆஃபீஸ் தாராளமாகப் போதும், தமிழ் இடைமுகமும் உண்டு. ஆனால் 25.8 பதிப்பிலிருந்து விண்டோஸ் 7-இல் அது ஓடாது. எக்செல் மேக்ரோக்களும் பாதிதான் வேலை செய்யும்.

மாற்றும் வேலையை மார்ச்சில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆண்டுக் கணக்கு முடிந்தபின், அடிக்கடி அச்செடுக்கும் பத்துக் கோப்புகளைப் பழையதிலும் புதியதிலும் அச்செடுத்து, இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வரிகள் பொருந்தாத கோப்பில் ஃபான்டைச் சரிசெய்யும்வரை பழையதை நீக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்பாளர் ஒருவர்,
ஈரோடு.